சொதப்பலின் இலக்கணம்

தமிழில் பிழையைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பிழை, தவறு, குற்றம், வழு, தப்பு, இழுக்கு என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எடை உண்டு. புழங்கும் இடமும் உண்டு. குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கிறது. வழுவை இலக்கண ஆசிரியர் களைகிறார். பிழையை மெய்ப்புத் திருத்துவோர் தேடுகிறார்கள். தவறு வீட்டிலும் பள்ளியிலும் கண்டிக்கப்படுகிறது. இத்தனை சொற்கள் கைவசம் இருந்தும் அன்றாட வாழ்க்கையில் நாம் பெரும்பாலும் நாடுவது வேறொரு சொல்லை: 'சொதப்பல்'.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்பவன் என்ற முறையில் இச்சொல்லை நான் நாள்தோறும் கேட்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடைகளில், ஆவடி செல்லும் மின்சார ரயிலில், பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் என எங்கும் அது ஒலிக்கிறது. நேர்காணலுக்குச் சென்று திரும்பும் பொறியியல் பட்டதாரி, "கடைசிக் கேள்வியில சொதப்பிட்டேன்" என்கிறான். திருமணத்துக்குச் சென்று வந்த பெண்மணி, "சாப்பாடு நல்லா இருந்துச்சு, பரிமாறினதுலதான் சொதப்பிட்டாங்க" என்கிறார். இளைஞர்களின் கொச்சைச் சொல் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஒன்று, வயது வேறுபாடின்றி எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. ஒரு சொல் இவ்வளவு பரவுகிறது என்றால், வேறு சொற்கள் செய்யாத ஏதோ ஒரு வேலையை அது செய்கிறது என்று பொருள். அந்த வேலை என்ன, அதன் எல்லை எது என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எல்லாத் தவறும் சொதப்பல் ஆகிவிடாது. வேண்டுமென்றே செய்த தீங்கை யாரும் சொதப்பல் என்று சொல்வதில்லை. அறியாத வேலையில் தோற்பதும் சொதப்பல் அன்று. நீச்சல் தெரியாதவர் நீந்த முடியாமற்போவது இயல்பு. நல்லெண்ணத்தோடு இறங்கிய வேலை, செய்யக்கூடிய திறம் உடையவர் கையிலேயே, கவனக்குறைவாலோ பதற்றத்தாலோ கெட்டுப்போனால் அதுவே சொதப்பல். பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுவது, வரவேற்புரையில் சிறப்பு விருந்தினரின் பெயரை மாற்றிச் சொல்வது, நண்பருக்கு எழுதிய கேலிக் குறுஞ்செய்தியை மேலாளருக்கு அனுப்புவது எல்லாம் இந்த வகை. இவற்றில் தீய நோக்கம் இல்லை. ஆனால், செய்தவருக்குக் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சம்தான் இச்சொல்லின் உயிர்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: 'பல்பு வாங்குதல்'. இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உளர்; ஆயினும் வேறுபாடு நுட்பமானது. சொதப்பல் என்பது செயல். பல்பு என்பது பிறர் முன்னிலையில் அதற்குக் கிடைக்கும் பலன். தனியறையில் ஒருவர் சொதப்பலாம். பல்பு வாங்க வேண்டுமானால் எதிரில் இன்னொருவர் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவர் என்று எண்ணிக் கையசைத்து, அவர் வேறு யாரோ என்று தெரிந்ததும் அந்தக் கையாலேயே தலையைக் கோதிக்கொள்பவர் வாங்கியது பல்பு. 'வாங்குதல்' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். அடி வாங்குவது, திட்டு வாங்குவது போல, கேட்காமலே கைக்கு வந்து சேரும் பொருள் அது.

சொதப்பல் என்ற சொல்லின் ஒலியும் அதன் பொருளுக்குத் துணை நிற்கிறது. 'சொதசொத' என்னும் இரட்டைக்கிளவி நமக்குப் பழக்கமானது. தண்ணீர் கூடிப்போய்க் குழைந்த சோறு, மழைக்காலத்தில் கால் புதையும் தெரு ஆகியவற்றை அப்படித்தான் சொல்கிறோம். வடகிழக்குப் பருவமழையின்போது புறநகரின் உட்தெருக்களில் நடந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. சொதப்பல் என்று கேட்கும்போது என் காதில் அந்த ஈரமும் சேர்ந்தே ஒலிக்கிறது. குழைந்த சோறு கெட்டுப்போன சோறு அன்று. பதம் தவறிய சோறு. அதைச் சாப்பிடலாம், விருந்தினருக்குப் பரிமாறத்தான் கூச்சமாக இருக்கும். உடைதல், முறிதல், அழிதல் போன்ற கடுமையான வினைகளோடு ஒப்பிட்டால், சொதப்புதல் எவ்வளவு மென்மையானது என்பது விளங்கும்.

இந்த மென்மைக்குத் திரைப்படத் தலைப்பு ஒன்று நல்ல சான்று. பாலாஜி மோகன் இயக்கத்தில் 2012-ஆம் ஆண்டு 'காதலில் சொதப்புவது எப்படி' என்ற படம் வெளியானது. அதே பெயரில் அவர் முன்பு எடுத்த குறும்படத்தின் விரிவு அது. இப்படம் தெலுங்கிலும் உருவாக்கப்பட்டது. அங்கே அதற்கு 'லவ் ஃபெயில்யூர்' என்று பெயர். தலைப்பு மாறியதில் பொருளும் சற்று மாறிவிட்டது. காதல் தோல்வி என்றால் கதை முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. காதலில் சொதப்புவது என்றால் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்கவும், மீண்டும் முயலவும் இடம் இருக்கிறது. தோல்வி ஒரு முடிவு. சொதப்பல் இடைவழியில் நேரும் தடுமாற்றம்.

இத்தகைய சொற்கள் தமிழைக் கெடுக்கின்றன என்று வருந்தும் அன்பர்கள் உண்டு. அவர்கள் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ஒரு குழுவினர் தமக்குள் தனிச்சொல் வைத்துக்கொள்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. நன்னூல் அதற்குக் 'குழூஉக்குறி' என்று பெயரிட்டு, இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு தகுதி வழக்கில் சேர்த்து இடம் அளித்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். இன்றைய கல்லூரி மாணவரும் பட்டறைத் தொழிலாளியும் செய்வது அதே காரியம்தான். வேறுபாடு ஒன்றே ஒன்று: அன்றைய குழூஉக்குறி குழுவுக்குள்ளேயே நின்றது, இன்றையது ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவுகிறது.

தமிழ் இலக்கணம் பிழையை அணுகிய விதமும் இங்கு நினைக்கத்தக்கது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையில் வழு நேரும் என்று அது வகுத்தது. வழுவின்றிப் பேசுவது வழாநிலை. ஆனால், அதோடு அது நிற்கவில்லை. வழுவே ஆயினும் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று 'வழுவமைதி' என்ற மூன்றாவது அறையையும் கட்டிவைத்தது. வளர்த்த பசுவின் மீதுள்ள அன்பால் ஒருவர் அதைத் தாய் என்று உயர்திணையில் அழைத்தால், அது திணைவழு என்று தள்ளப்படுவதில்லை. உவகையால் நேர்ந்தது என்று அமைதி பெறுகிறது. சரி, தவறு என்ற இரண்டு பெட்டிகளுக்குள் மனித வாழ்க்கை அடங்காது என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் அறிந்திருந்தார்கள். அன்றாட வாழ்க்கையின் பிழைகளுக்கு அப்படி ஒரு மூன்றாம் அறை தேவைப்பட்டபோது, மக்கள் தாமே கட்டிக்கொண்டதுதான் சொதப்பல் என்று கருதுகிறேன்.

அந்த அறைக்குள் எதை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது? இதற்கு விடை தேட அம்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1960-களில் உருவான அதன் தொழிற்பேட்டை, இன்றும் நூற்றுக்கணக்கான சிறு, குறு பட்டறைகளின் இருப்பிடம். லேத் இயந்திரத்தில் வேலை பழகுபவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடங்களுள் ஒன்று, அளவு எந்தப் பக்கம் தவறலாம் என்பது. 25 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைய வேண்டிய இரும்புத் தண்டு 25.2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் கவலையில்லை. மறுபடியும் இயந்திரத்தில் ஏற்றிக் கடைந்துவிடலாம். அதற்கு 'ரீவொர்க்' என்று பெயர். அதே தண்டு 24.8 ஆகிவிட்டால் வெட்டிய உலோகத்தை ஒட்டவைக்க முடியாது. அது 'ஸ்கிராப்', பழைய இரும்புக் குவியலுக்குத்தான் போக வேண்டும். எண்ணளவில் இரண்டு தவறுகளும் சமம். விளைவில் அவை சமம் அல்ல.

இந்தப் பட்டறைப் பாடத்தையே நான் சொதப்பலுக்கும் அளவுகோலாகக் கொள்கிறேன். மீண்டும் இயந்திரத்தில் ஏற்றித் திருத்தக்கூடியது சொதப்பல். திருத்த முடியாத இழப்பை ஒருவருக்கு விளைவித்தது வேறு ஏதோ. அதற்கு வேறு சொல்தான் வேண்டும்.

பட்டறை இன்னொன்றையும் கற்பிக்கிறது. தவறிய தண்டை உடனே மேஸ்திரியிடம் காட்டுபவர், "அண்ணே, சொதப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். திட்டுக்கு அஞ்சி அதை மற்றவற்றோடு கலந்து பெட்டியில் போட்டுவிட்டால், அந்தப் பெட்டி வாடிக்கையாளரின் வாயிலில் திருப்பி அனுப்பப்படும். சில வேளை ஓடும் வாகனத்துக்குள்ளேயே அந்தத் தண்டு சென்று சேரும். ஆகவே, கூச்சத்தோடு ஆனால் அச்சமின்றி உச்சரிக்கக்கூடிய ஒரு சொல் தொழிலுக்கே தேவை. 'குற்றம் செய்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ளப் பெரும் துணிவு வேண்டும். 'சொதப்பிட்டேன்' என்று சொல்ல அவ்வளவு வேண்டாம். உண்மையை வெளியே கொண்டுவரும் செலவை இச்சொல் குறைக்கிறது.

இதை நன்கு உணர்ந்தவர்கள் ஜப்பானியர்கள். தவறு நேராதபடி இயந்திரத்தையும் வேலைமுறையையும் வடிவமைப்பதற்கு அங்கே 'போக்கா-யோகே' என்று பெயர். தொடக்கத்தில் அதன் பெயர் 'பாக்கா-யோகே'. பாக்கா என்றால் முட்டாள். முட்டாள்தனத்தைத் தடுத்தல் என்பது பொருள். இம்முறையைப் பரப்பிய பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960-களில் ஒரு தொழிற்சாலையில் இதை விளக்கியபோது, அங்கு வேலை செய்த பெண் ஒருவர், தன்னை முட்டாள் என்று கருதிவிட்டார்களே என்று கண்ணீர் விட்டார். அதன்பின் ஷிங்கோ சொல்லை மாற்றினார். 'போக்கா' என்பது பலகை விளையாட்டில் தேர்ந்த ஆட்டக்காரரும் கவனம் பிசகி வைத்துவிடும் மோசமான காய் நகர்த்தலைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். சுருங்கச் சொன்னால், சொதப்பல். பழி மனிதனின் அறிவைவிட்டு நகர்ந்து, அவன் கவனம் பிசகும் அந்த ஒரு கணத்தின்மீது விழுந்தது. தவறு செய்பவனைத் திருத்துவதைவிட, தவறு செய்ய முடியாதபடி வேலையைத் திருத்துவது எளிது என்ற எண்ணமும் அதோடு வேரூன்றியது.

ஜப்பானிய முறைகள் நமக்கு அயலானவை அல்ல. அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே உள்ள பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-ஆம் ஆண்டு ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. தலைகீழாகப் பொருத்த முடியாதபடி அமைந்த செல்பேசியின் சிம் அட்டைகூட இந்த எண்ணத்தின் எளிய வடிவம்தான். அதன் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பது நாம் சொதப்பிவிடக் கூடாது என்பதற்காக.

இனி இச்சொல்லின் ஆபத்துக்கு வருகிறேன். தமிழ் வினைமுற்று, செய்தவர் யார் என்பதை விகுதியிலேயே காட்டிவிடும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்று இடங்களிலும் சொதப்பல் ஒரே சொல்லாகத் தோன்றினாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தன்மையில் அது பெரும்பாலும் நன்மையே செய்கிறது. 'சொதப்பிட்டேன்' என்பவர் பொறுப்பை ஏற்கிறார். கூடவே தன்னை முழுவதுமாக வெறுத்துக்கொள்ளாமல் காத்துக்கொள்கிறார். திருக்குறள் நாணுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும், குற்றங்கடிதலுக்கு ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கியிருக்கிறது. நாணம் பண்பாட்டின் அடையாளம்தான். ஆனால், அளவு மீறிய நாணம் மனிதனை ஒளிந்துகொள்ளச் செய்யும். மதிப்பெண் குறைந்ததை வீட்டில் சொல்ல அஞ்சும் மாணவர்கள் எடுக்கும் விபரீத முடிவுகளை ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுக் காலத்தில் செய்திகளில் படிக்கிறோம். "அப்பா, இந்த முறை கணக்குல சொதப்பிட்டேன்" என்று ஒரு பிள்ளை சொல்ல முடிகிற வீடு பாதுகாப்பான வீடு. "சரி, துணைத்தேர்வு எப்போ?" என்று அந்தத் தந்தை கேட்க முடிந்தால் இச்சொல் தன் கடமையை முழுமையாகச் செய்துவிட்டது.

ஆயினும் தன்மையிலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளி, "நான்தான் சார் கவனிக்காம சொதப்பிட்டேன்" என்று சொல்லக்கூடும். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து புறநகர்ப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள், வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் அப்படிச் சொல்வதற்கு வாய்ப்பு மிகுதி. ஆனால், இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இயங்கும் இயந்திரத்தில் கை நசுங்க வழி குறைவு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், ஒரு நொடிக் கவனக்குறைவுக்கு ஒரு விரல் விலையாகிறது. அங்கே பொறுப்பு ஏற்க வேண்டியவர் வேறொருவர். வலியவர் சுமக்க வேண்டிய பழியை எளியவர் தம் தலையில் ஏற்றிக்கொள்ள இச்சொல் பயன்படக் கூடாது.

முன்னிலையில் அது அம்பாக மாறுகிறது. 'சொதப்பிட்டியா?' என்பதை நண்பன் தோளில் கைபோட்டுக் கேட்டால் ஆறுதல். ஐம்பது பேர் முன்னிலையில் கேட்டால் அவமானம். முன்பெல்லாம் அவமானம் அந்த ஐம்பது பேரோடு முடிந்துவிடும். இன்று மேடையில் திக்கிய மாணவியின், தொலைக்காட்சி நேரலையில் தடுமாறிய செய்தியாளரின், தமிழில் விகுதி மாற்றிப் பேசிய வடமாநிலத் தொழிலாளியின் காணொளி, இசையும் சிரிப்பொலியும் சேர்க்கப்பட்டு இலட்சக்கணக்கானோர் கைக்குச் செல்கிறது. சொதப்பியவர் மறக்க நினைப்பதை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. சிறிய பிழைகளைச் சிறியவையாகவே வைத்திருக்கப் பிறந்த சொல், அவற்றை அழியாத கல்வெட்டாக்கப் பயன்படுவது வருந்தத்தக்கது.

படர்க்கையில், அதிலும் பன்மையில், சிக்கல் மேலும் கூடுகிறது. 'சொதப்பிட்டாங்க' என்பது அரசையும் நிறுவனங்களையும் பற்றிப் பேசும்போது நம் நாவில் எளிதாக வருகிறது. இதற்கு எங்கள் மேற்குப் புறநகரிலிருந்தே இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம்.

முதலாவது, 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்ற அரசாணை வெளியானது. எழும்பூர், திருவல்லிக்கேணி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என ஆங்கிலேயர் நாவுக்கேற்பத் திரிந்த பெயர்கள் பலவும் அதில் இடம்பெற்றன. நோக்கம் பழுதற்றது, நெடுநாள் கோரிக்கையும்கூட. ஆனால், ஒரு தமிழ் ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதில் எல்லோரும் ஏற்கும் முறை அங்கே அமையவில்லை. வேலூரின் புதிய ஆங்கில வடிவம் 'வீலூர்' என்று படிக்கும்படி அமைந்ததும், கேலிப்படங்கள் குவிந்தன. மொழியியல் அறிந்தோரும் குறைகளைச் சுட்டிக்காட்டினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில், அப்போது ஆவடித் தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினராகவும் தமிழ் ஆட்சிமொழித் துறை அமைச்சராகவும் இருந்த க.பாண்டியராஜன், அரசாணை திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். இது சொதப்பல் என்ற சொல்லுக்கு முற்றிலும் தகுதியானது. நல்ல நோக்கம், பதம் தவறிய செயல், பொதுவெளியில் கூச்சம், விரைவான பின்வாங்கல். பெயர்ப்பலகைகள் பெருமளவில் மாற்றப்படுவதற்கு முன்பே நின்றுவிட்டதால் ரீவொர்க் செய்ய இடமிருந்தது. கேலி செய்த நாம், திரும்பப் பெற்ற வேகத்தையும் பாராட்டியிருக்க வேண்டும். தவறை ஒப்புக்கொண்டு பின்வாங்கும் அரசுகள் நமக்குக் கிடைப்பது அரிது.

இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள். பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உயரம் 24 அடி. அன்றைய பெருமழையின்போது ஏரியிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின, உயிர்கள் பறிபோயின. மழை வரலாறு காணாதது என்றும், விதிகளின்படியே நீர் திறக்கப்பட்டது என்றும் அரசுத் தரப்பு விளக்கியது. 2018-ஆம் ஆண்டு சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையோ, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று வகைப்படுத்தியது.

"ஏரியைத் திறந்ததுல சொதப்பிட்டாங்க" என்று அந்த நாள்களில் பலர் பேசக் கேட்டேன். கோபத்தோடுதான் சொன்னார்கள். ஆனால், சொல் அவர்களுடைய கோபத்துக்குத் துரோகம் செய்தது. வேலூரின் எழுத்துக்கூட்டலுக்கும் செம்பரம்பாக்கத்தின் மதகுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், இரண்டும் ஒரே அளவுடையன என்று மனம் பழகிவிடுகிறது. முதலாவது 25.2 மில்லிமீட்டர், இரண்டாவது 24.8 மில்லிமீட்டர். திருத்த முடியாத இழப்பைச் சொதப்பல் என்று அழைத்துவிட்டால், 'சரி, விடுங்க' என்பதுதான் அடுத்த வாக்கியமாக வரும். பல்பு வாங்கியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது நம் வழக்கம். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் நகர முடியாது. யார் முடிவெடுத்தார், எப்போது எடுத்தார், கீழ்க்கரையில் இருப்போருக்கு எப்போது அறிவிக்கப்பட்டது, அடுத்த மழைக்குள் என்ன மாற்றப்படும் என்ற கேள்விகள் அங்கே எழ வேண்டும். 'சொதப்பல்' என்ற சொல்லுக்குள் இக்கேள்விகள் அடங்குவதில்லை.

மூன்று இடங்களையும் விட நழுவலான நான்காவது வடிவம் ஒன்று உண்டு: 'சொதப்பிடுச்சு'. இதில் செய்தவரே இல்லை. வேலை தானாகக் கெட்டுக்கொண்டது போன்ற தோற்றம். அலுவலகக் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் இதன் செந்தமிழ் வடிவங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். 'தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது', 'நிர்வாகக் காரணங்களால் தாமதம் நேர்ந்தது' என்பனவெல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்த 'சொதப்பிடுச்சு'தான். கொச்சைச் சொல்லைப் பழிப்போர் இந்தச் செம்மையான சொற்றொடர்களைப் பழிப்பதில்லை. என் பார்வையில், செய்தவர் பெயரை மறைக்கும் தூய தமிழைவிட, 'நான் சொதப்பிட்டேன்' என்ற பேச்சுத் தமிழ் நாணயமானது.

ஆகவே, இச்சொல்லைத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்து அன்று. அதைப் பயன்படுத்தும்முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். யார் சொல்கிறார்? கெட்டதைத் திருத்த முடியுமா? செய்தவரே சொல்லி, திருத்தவும் முடியுமானால் அச்சொல்லை வரவேற்போம். சொன்னவரைக் கேலி செய்யாமல் விடுவோம். செய்தவர் மௌனமாக இருக்க, பிறர் அவருக்காக அச்சொல்லைப் பரிசளித்தாலோ, இழப்பு மீட்க முடியாததாக இருந்தாலோ, நம் மொழியின் கனமான சொற்களை எடுப்போம். தவறு, அலட்சியம், குற்றம் என்பன அதற்காகவே இருக்கின்றன.

பள்ளிகளும் அலுவலகங்களும் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க நடைமுறை ஒன்றும் உண்டு. நல்ல மேஸ்திரி, "சொதப்பிட்டேன் அண்ணே" என்று வந்து நிற்கும் பையனிடம் முதலில் காரணம் கேட்பதில்லை. தண்டை வாங்கி அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார். ரீவொர்க் ஆகும் என்றால், "ஏத்து, இன்னொரு தடவை கடை" என்கிறார். ஆகாது என்றால் அதைத் தனியே எடுத்துவைத்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எங்கே பிசகியது என்று இருவருமாகப் பார்க்கிறார்கள். அடுத்த தண்டு அதன் பிறகுதான் ஏறுகிறது.